பிளஸ் ஒன் குரூப் எடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு எந்தெந்த அறிவியல் வேலைகளைக் காட்டலாம்?

வடசென்னை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். வடசென்னையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியலும் எடுக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், படித்து முடித்து என்ன வேலைக்குப் போக ஆசை என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். மனம் விட்டு எழுதட்டும் என்று பெயர் போட வேண்டாம் என்றேன். கம்ப்யூட்டர் என்ஜினியர், டாக்டர், நர்ஸ், போலீஸ், கலெக்டர். இவற்றைத் தாண்டி எழுதியவர்கள் மிகக் கொஞ்சம். சிலர் விஞ்ஞானி என்று எழுதியிருந்தார்கள். சரி, விஞ்ஞானி காலையில் வேலைக்குப் போய் என்ன செய்வார் என்று வகுப்பில் கேட்டேன். "ராக்கெட் விடுவார் மிஸ்" என்று ஒரு குரல் வந்தது. அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

இவர்கள் வளரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் துறைமுகம். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை. அத்திப்பட்டில் அனல்மின் நிலையம். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை. இத்தனையும் அருகிலேயே இருந்தும் எங்கள் பிள்ளைகளுக்கு அவை தூசி, சங்குச் சத்தம், லாரி நெரிசல். பல வீடுகளில் அப்பாவோ மாமாவோ உள்ளே ஒப்பந்தக் கூலியாகப் போய் வருகிறார்கள். அதே சுவருக்குள் நீரைச் சோதிப்பவர், கொதிகலனைக் கண்காணிப்பவர், வரைபடம் போடுபவர் என்று வேறு மனிதர்களும் வேலை பார்க்கிறார்கள் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் காட்டவில்லை. பார்க்காத வேலைக்கு ஒரு பிள்ளை எப்படி ஆசைப்படும்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த சில வாரங்களில் குரூப் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஏதாவது செய்ய நினைக்கிறேன். நீங்கள் பார்க்கும் வேலை என்ன, அதற்குப் பள்ளியில் எதைச் சரியாகக் கற்றிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லுங்கள். எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

துரைப்பாக்கம் ஐ.டி.

நல்ல முயற்சி டீச்சர். ஒரே ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் வேண்டாம் என்கிற மாதிரி பிள்ளைகளுக்குத் தோன்றிவிடக் கூடாது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான், ஐ.டி. வேலைதான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் கம்ப்யூட்டர் என்பதும் ஒரே வேலை இல்லை. மென்பொருளைச் சோதிப்பவர், நெட்வொர்க் பார்ப்பவர், தரவுத்தளம் பராமரிப்பவர், தகவல் பாதுகாப்பு பார்ப்பவர், பயன்படுத்துபவருக்குப் புரியும்படி ஆவணம் எழுதுபவர் எல்லோரும் ஒரே தளத்தில் உட்கார்ந்திருக்கிறோம். குணமும் திறமையும் ஆளுக்கு ஆள் வேறு. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்

டீச்சர், நீங்கள் சொன்ன காட்டுப்பள்ளி ஆலை ஒன்றை வைத்தே பல வகுப்பு எடுக்கலாம். மீஞ்சூர் ஆலை என்று ஊரில் சொல்வார்கள். 2010-ல் ஓட ஆரம்பித்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை. அதே அளவில் தெற்கே நெம்மேலியில் 2013-ல் ஒன்று வந்தது. 2024-ல் அங்கேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று.

இதன் அடிப்படை உங்கள் பிள்ளைகள் படிக்கும் சவ்வூடு பரவல்தான். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஒரு மெல்லிய சவ்வுக்கு இருபுறமும் இருந்தால், நல்ல தண்ணீர் உப்புப் பக்கம் போகும். அதை எதிர்த்திசையில் ஓட வைக்க உப்புப் பக்கத்தில் அழுத்த வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீருக்கு அந்த எல்லை சுமார் 27 வளிமண்டல அழுத்தம். ஆலையிலோ ஏறத்தாழ இரண்டு மடங்கோ அதற்கு மேலோ கொடுக்கிறார்கள். காரணம், நல்ல தண்ணீர் பிரியப் பிரிய மிச்சமுள்ள நீரில் உப்பு கூடிக்கொண்டே போகும், எல்லையும் உயர்ந்துகொண்டே போகும். இதைப் பிள்ளைகளையே யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள். சொல்வார்கள்.

இப்போது வேலைகளுக்கு வருவோம். கடலுக்குள் குழாய் பதிக்குமுன் அடித்தரையை அளக்க ஒருவர் வேண்டும். உறிஞ்சும் வாயில் ஜெல்லி மீன் வந்து அடைத்தால் என்ன செய்வது, திரும்பக் கடலில் விடும் கடும் உப்புநீர் அங்குள்ள உயிர்களை என்ன செய்யும் என்பதற்குக் கடல் உயிரியல் படித்தவர். சவ்வுக்குப் போகுமுன் கலங்கலை நீக்கும் கணக்குக்கு வேதியியலாளர். உயர் அழுத்தப் பம்புகளுக்கு மெக்கானிக்கல். செலவில் பெரும் பங்கு மின்சாரம் என்பதால், வெளியேறும் நீரின் அழுத்தத்தைப் பிடித்து மறுபடி பயன்படுத்தும் கருவி இருக்கிறது, அதற்கும் ஆள் வேண்டும். ஓட்டம், அழுத்தம், உப்பளவு எல்லாவற்றையும் நொடிக்கு நொடி காட்டும் உணரிகளைப் பராமரிக்க இன்ஸ்ட்ருமென்டேஷன். சவ்வின் மேல் பாசி போலப் படரும் நுண்ணுயிர்களுக்கு மைக்ரோபயாலஜி. கடைசியில் வரும் தண்ணீரில் தாது உப்பு மிகக் குறைந்துவிடும், அப்படியே விட்டால் குழாயை அரிக்கும். அதனால் சுண்ணாம்புச் சத்து சேர்க்க வேண்டும், மறுபடியும் வேதியியல்.

இவர்களில் என்ஜினியர் பட்டம் பெற்றவர்கள் ஒரு பகுதிதான். பி.எஸ்.சி., டிப்ளமோ, ஐ.டி.ஐ. என்று எல்லாப் படியிலும் ஆள் உண்டு. பிள்ளைகளிடம் வேலையின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ஒரு குடம் தண்ணீர் கடலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியைச் சொல்லுங்கள், வழியில் இந்த மனிதர்கள் ஒவ்வொருவராக வருவார்கள்.

பெரம்பூர் அப்பா

எல்லாம் படித்தேன். சின்னக் கடை வைத்திருக்கிறேன், பையன் பத்தாவது. யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் வீட்டில் முதல் கேள்வி, நாலு வருடம் கழித்துச் சம்பளம் வருமா என்பதுதான். எங்கள் தெருவில் சிவில் முடித்த பையன் சொற்பச் சம்பளத்தில் சைட்டில் நிற்கிறான். அவனோடு சேர்ந்து கம்ப்யூட்டர் படித்தவன் இரண்டே வருடத்தில் வண்டி வாங்கிவிட்டான். இதைக் கண்ணால் பார்க்கிற அப்பன் கடல் உயிரியலுக்கு எப்படிச் சம்மதிப்பான்? அந்த ஆலைகளில் வருடத்துக்கு எத்தனை பேரை எடுப்பார்கள்? அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

வடசென்னை டீச்சர்

ஐயா, நீங்கள் கேட்டது நியாயம். என் வகுப்புப் பெற்றோர் எல்லோருடைய கேள்வியும் இதுதான், அதனால்தான் இங்கே கேட்டேன். பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் போதும் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். படிப்புச் செலவு, முடித்ததும் கிடைக்கும் முதல் வேலை, அதற்கு மேல் போக வழி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. விவரம் தெரிந்தவர்கள் இவருக்குப் பதில் சொல்லுங்கள்.

ஒரகடம் மெயின்டனன்ஸ்

அண்ணா, நான் சொல்கிறேன். பத்தாவது முடித்து தரமணியில் டிப்ளமோ படித்தேன். இப்போது ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவைப் பார்க்கிறேன். புதிய ஆட்களை எடுக்கும்போது நானும் உட்காருவேன்.

தரமணி வளாகத்தில் மத்திய பாலிடெக்னிக் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அச்சுத் தொழில்நுட்பம், ஜவுளி, தோல், வேதித் தொழில்நுட்பம் எல்லாவற்றுக்கும் தனித்தனி அரசு நிறுவனங்கள் அங்கேயே இருக்கின்றன. பெண்களுக்கு டாக்டர் தர்மாம்பாள் பெயரில் தனி பாலிடெக்னிக். கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கு சிப்பெட் என்ற மத்திய அரசு நிறுவனம். 1968 முதல் இருக்கிறது. அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம், அதே தொகை. டிப்ளமோ முடித்தவர் தனிக் கலந்தாய்வு வழியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். வீட்டுக்குக் கடன் சுமை இல்லாமல் பொறியியல் பட்டம் வரை போக இது ஒரு நல்ல வழி.

ஆள் எடுக்கும்போது நாங்கள் என்ன பார்க்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு பாகத்தையும் வெர்னியர் காலிபரையும் கொடுத்து அளக்கச் சொல்வேன். அப்புறம் ஸ்க்ரூ கேஜ். மார்க் ஷீட்டில் நல்ல மதிப்பெண் வைத்திருப்பவர்களும் மீச்சிற்றளவு, அதாவது அந்தக் கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, என்ன என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். வெர்னியருக்கு 0.1 மில்லிமீட்டர், ஸ்க்ரூ கேஜுக்கு 0.01 மில்லிமீட்டர், பள்ளி ஆய்வகத்தில் இருப்பதே அதுதான். ஒரே தண்டை ஐந்து முறை அளந்தால் ஐந்து விதமாக வருகிறதே, எதை எழுதுவாய் என்று கேட்பேன். யோசித்துப் பதில் சொல்கிற பிள்ளையை அங்கேயே எடுத்துக்கொள்வேன். பிளஸ் டூவில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீடு 10. அந்த 20 எப்படியும் வந்துவிடும் என்று செய்முறையைக் கடைசி நேரத்தில் ஒப்பேற்றுகிற பள்ளிகள் இருக்கின்றன. ரெக்கார்டு நோட்டைப் போன வருட நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். டீச்சர், நீங்கள் அந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

பெரம்பூர் அப்பா

டிப்ளமோவிலிருந்து நேராக இரண்டாம் வருடம் போகலாம் என்பது எனக்குத் தெரியாது தம்பி. நன்றி. ஆனால் டிப்ளமோ என்றால் படிப்பு வராதவன் போகிற இடம் என்றுதானே சொல்கிறார்கள்?

ஒரகடம் மெயின்டனன்ஸ்

சொல்கிறார்கள் அண்ணா. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நல்ல பிள்ளைகளை அந்தப் பக்கம் போக விடாமல் செய்துவிட்டோம். உங்கள் வீட்டுப் பக்கத்து ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 முதல் ஓடுகிறது. இன்று நாடு முழுக்க ஓடும் வந்தே பாரத் வண்டியின் முதல் தொகுப்பை 2018-ல் அங்கேதான் செய்தார்கள். அதில் வெல்டிங் செய்தவர், மின்கம்பி இணைத்தவர், பிரேக் சோதித்தவர் எல்லோரும் படிப்பு வராதவர்களா? துருப்பிடிக்காத எஃகில் விரிசல் விடாமல் வெல்டிங் செய்ய உலோகவியல் தெரிந்திருக்க வேண்டும்.

சேத்துப்பட்டு லேப்

மருத்துவத் துறை பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை. பயாலஜி எடுக்கும் பிள்ளைகள் நீட் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு, அது கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று உடைந்து போகிறார்கள். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

நம் ஊரில் நடந்த ஒரு ஆராய்ச்சியை அவர்களுக்குச் சொல்லுங்கள். 1950-களில் காசநோய் வந்தால் மாதக்கணக்கில் சானடோரியத்தில், அதாவது காசநோய்க்கான தனி மருத்துவமனையில், படுக்க வைக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். அத்தனை பேருக்குக் கட்டில் ஏது? 1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் இன்னொரு பிரிவுக்கு அவரவர் வீட்டிலும் அதே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீடு என்றால் நெருக்கடியான ஒற்றை அறை, சாப்பாடும் போதாது. 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள், கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை மாறியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு.

இதை டாக்டர்கள் மட்டும் செய்யவில்லை. சளி மாதிரியை வளர்த்துப் பார்த்த லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுத்தவர், வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்த நர்ஸ், சிறுநீரைச் சோதித்து மருந்து உண்மையிலேயே உள்ளே போனதா என்று கண்டுபிடித்தவர், இரண்டு பிரிவுக்கும் இடையே தெரிந்த வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று சொன்ன புள்ளியியலாளர், இத்தனை பேரும் வேண்டியிருந்தது. ஒருவர் ஏமாற்றியிருந்தாலும் முடிவு தப்பாகியிருக்கும்.

இன்றைக்கும் பி.எஸ்.சி. மெடிக்கல் லேப், ரேடியாலஜி, கண் பார்வையைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரி, கேட்கும் திறனும் பேச்சும் பற்றிய படிப்பு, அறுவை சிகிச்சையின்போது இதய நுரையீரல் எந்திரத்தை ஓட்டும் பெர்ஃப்யூஷன் என்று பல இருக்கின்றன. மருத்துவம் சார்ந்த பட்டப் படிப்புகளுக்குத் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். அந்த வருட விளக்கக் கையேட்டை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை அம்மா

என் பெண்ணுக்கு மெஷின் என்றால் உயிர். மிக்ஸியைக் கழற்றி மாட்டிவிடுவாள். மெக்கானிக்கல் கேட்கிறாள். பெண் பிள்ளைக்கு எதற்கு அது, பேசாமல் ஐ.டி. போகச் சொல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஷிப்ட், தூரம் எல்லாம் நினைத்தால் எனக்கும் பயம்தான். இந்த வேலையில் இருக்கும் பெண்கள் யாராவது சொல்லுங்களேன்.

குரோம்பேட்டை இன்ஸ்ட்ருமென்டேஷன்

அக்கா, நான் இருக்கிறேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில், அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தேன். 1949-ல் தொடங்கிய கல்லூரி, அப்துல் கலாம் படித்த இடம். இப்போது வேதி ஆலைகளில் கட்டுப்பாட்டுக் கருவிகள் பொருத்தும் வேலை.

பயம் நியாயமானது, அதை மறைக்க மாட்டேன். ஆலையில் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, இரவு ஷிப்டுக்கு வண்டி உண்டா என்று வேலையில் சேரும்போதே கேட்க வேண்டியிருக்கிறது. கேளுங்கள், கேட்டால் தவறில்லை. முதலில் வேலை பார்த்த இடத்தில் என்னைக் களத்துக்கு அனுப்பாமல் அறிக்கை எழுத வைத்தார்கள். நான் விடாமல் கேட்டுத்தான் போனேன். இன்றைக்கு என் கீழே வேலை பார்க்கும் பெண்களுக்கு அந்தச் சண்டை இல்லை. மெக்கானிக்கல் படித்தால் உலைக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. வடிவமைப்பு, தரச் சோதனை, அதிர்வை வைத்துப் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்று எத்தனையோ இருக்கிறது.

அ. லலிதாவைப் பற்றி உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். சென்னையில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கணவரை இழந்தார், கையில் குழந்தை. கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் சேர்ந்து 1943-ல் முடித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பிறகு பக்ரா நங்கல் அணையின் மின் கடத்துப் பாதை வேலையிலும் பங்கெடுத்தார். அந்தக் காலத்தில் அவரால் முடிந்தது என்றால் நாம் இன்றைக்கு ஷிப்ட் வண்டி கேட்டு வாங்க முடியாதா?

தண்டையார்பேட்டை அம்மா

கண் கலங்கிவிட்டது கண்ணு. இதை அவளிடம் காட்டுகிறேன்.

சிறுசேரி மேத்ஸ்

வணக்கம் டீச்சர். சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனத்தில் இளங்கலை படிக்கிறேன். கணிதமும் கம்ப்யூட்டர் அறிவியலும் சேர்ந்த பட்டம். இங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணோ ஐ.ஐ.டி.க்கு எழுதும் ஜே.இ.இ. தேர்வோ வைத்து இடம் தருவதில்லை, தனி நுழைவுத் தேர்வு. அதில் ஒரு பகுதிக்கு விடை மட்டும் எழுதினால் போதாது, ஏன் அப்படி வருகிறது என்று முழுக்க எழுத வேண்டும். எங்கள் பள்ளியிலிருந்து இந்தத் தேர்வை எழுதியது நான் ஒருவன்தான். நன்றாகக் கணக்குப் போடுகிற நண்பர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு இப்படி ஓர் இடம் சென்னையிலேயே 1989 முதல் இருப்பது கடைசி வரை தெரியவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம்.

கணக்கு பிடித்த பிள்ளைக்கு நம் ஊரில் "என்ஜினியரிங் போ" என்பதைத் தவிர யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, அங்கே ஆராய்ச்சிக்குப் போகலாம். புள்ளியியல் படித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுதலாம். இன்சூரன்ஸ் கம்பெனிகளில் ஆபத்தைக் கணக்கிடும் ஆக்சுவரி வேலைக்குத் தொழில்முறைத் தேர்வுகள் உண்டு. அதற்கான நுழைவுத் தேர்வைப் பிளஸ் டூ முடித்ததுமே எழுதலாம். அடிப்படை அறிவியலில் ஆர்வம் என்றால் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தனித் தேர்வு, ஒன்று பக்கத்தில் திருப்பதியிலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பட்டத்தை ஜே.இ.இ. இல்லாமல் இணையவழியில் படிக்கலாம். சில வாரப் பாடம், பிறகு தகுதித் தேர்வு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

தயாரிப்பு பற்றிக் கேட்டீர்கள். கையேட்டில் உள்ள விடையைப் படிக்குமுன் ஒரு கணக்கோடு ஒரு மணி நேரம் உட்காரப் பழக்குங்கள். விடை வராவிட்டாலும் பரவாயில்லை. எங்கே மாட்டிக்கொண்டேன் என்று தமிழில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். இங்கே வந்த பிறகு எனக்கு அதிகம் உதவியது அந்தப் பழக்கம்தான்.

துரைப்பாக்கம் ஐ.டி.

வழிமொழிகிறேன். எங்கள் வேலையிலும் அதுவே. எங்கே மாட்டிக்கொண்டேன் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்.

பள்ளிக்கரணை கடல்

நான் கொஞ்சம் தாமதமாக வருகிறேன். கடல் சார்ந்த கருவிகள் செய்யும் துறையில் இருக்கிறேன். பள்ளிக்கரணையில் 1993 முதல் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியை உருவாக்கி வருகிறது. 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டலம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போடலாம், கீழே 600 மடங்கு அழுத்தம். மனிதர்கள் உட்காரும் உருண்டை டைட்டானியக் கலவையில் செய்வது. உலோகவியல், வெல்டிங், பேட்டரி, ஒலியலை வழித் தகவல் தொடர்பு, உள்ளே இருப்பவர் மூச்சுவிடும் காற்றைச் சுத்தமாக்கும் வேதியியல் என எல்லாம் அந்த உருண்டைக்குள் சேருகின்றன.

உங்கள் பள்ளியில் செய்ய ஒரு யோசனை. மழைமானி வையுங்கள். நேர் பக்கமுள்ள பாத்திரமும் ஒரு ஸ்கேலும் போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5000 லிட்டர். நுங்கம்பாக்கத்தில் ஓர் அளவு, மீனம்பாக்கத்தில் ஓர் அளவு என்று செய்தியில் கேட்கிறோம், உங்கள் பகுதியில் எவ்வளவு பெய்தது என்று பிள்ளைகளே ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் குறித்து வைக்கட்டும். எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று வரைபடத்தில் குறிக்கட்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எங்கே நின்றது என்று பெரியவர்களைக் கேட்டுச் சேர்க்கட்டும். இதையே பெரிய அளவில் செய்வதுதான் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ். கிண்டி கல்லூரியில் அந்தப் படிப்பு இருக்கிறது. அந்தக் கல்லூரி 1794-ல் தொடங்கியதே நில அளவைப் பள்ளியாகத்தான்.

பெரம்பூர் அப்பா

மழைமானி நல்ல யோசனை, எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும். ஒரு கேள்வி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ஜினியரிங்கில் தனி ஒதுக்கீடு என்கிறார்களே, அது எப்படி?

வடசென்னை டீச்சர்

7.5 சதவீத ஒதுக்கீடு ஐயா. மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் கொண்டு வந்தார்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலந்தாய்வுக்குக் கட் ஆஃப் 200-க்கு. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதனால் கணக்கு இல்லாத குரூப் எடுத்துவிட்டால் பொறியியல் கதவு மூடிவிடும். பயாலஜி இல்லாத குரூப் எடுத்தால் மருத்துவம் சார்ந்த பெரும்பாலான படிப்புகள் போய்விடும். பையனுக்கு இன்னும் முடிவு தெரியவில்லை என்றால் கணக்கும் பயாலஜியும் சேர்ந்த குரூப் இரண்டு பக்கமும் வழி வைத்திருக்கும், ஆனால் சுமை அதிகம். அவன் தாங்குவானா என்பது உங்களுக்கும் அவனுடைய டீச்சருக்கும்தான் தெரியும்.

எல்லோருடைய பதிலையும் அச்செடுத்து வைத்துவிட்டேன். இப்போதைக்கு என் திட்டம் இது. ஒன்பதாம் வகுப்பிலேயே வெர்னியரும் ஸ்க்ரூ கேஜும் ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் போக வேண்டும், ரெக்கார்டில் அவரவர் அளந்த எண்தான் இருக்க வேண்டும், தப்பாக இருந்தாலும். கலைச்சொல் நோட்டில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லும் எழுதப் போகிறார்கள், கல்லூரியில் முதல் வருடம் என் பழைய மாணவர்கள் திணறுவது அங்கேதான். வேலையில் இருப்பவர்களை அழைத்துப் பேச வைப்பேன், சாதனை வரலாறு வேண்டாம், நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன வேலை செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பேன். பெற்றோர் கூட்டம் ஞாயிறு மாலைதான், அப்போதுதான் எல்லோரும் வேலையிலிருந்து வர முடியும். அங்கே சம்பளம், செலவு பற்றி முதலில் பேசுவோம். குடிநீர் ஐயாவும் குரோம்பேட்டை மேடமும் வருவதாகத் தனிச் செய்தியில் சொல்லிவிட்டார்கள்.

எர்ணாவூர் அம்மா

எனக்கும் ஒரு சந்தேகம். என் பையனுக்குக் கணக்கில் பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, அவ்வளவுதான். ஆனால் ஃபேன், மோட்டார் எல்லாம் சரி செய்துவிடுவான். பிளஸ் ஒன் சேர்க்கவா, டிப்ளமோ சேர்க்கவா?

ஒரகடம் மெயின்டனன்ஸ்

அக்கா, டிப்ளமோ எலக்ட்ரிக்கல் அவனுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஆனால் கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்து அனுப்பாதீர்கள், முதல் வருடம் அங்கேயும் கணக்குப் பாடம் உண்டு, பல பிள்ளைகள் அரியர் வைப்பது அதில்தான். பத்தாவது தேர்வு முடிந்த விடுமுறையில் இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் மட்டும் மறுபடி போடச் சொல்லுங்கள். வயரிங் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு ஓம் விதியிலிருந்து ஆரம்பித்தால் சமன்பாடு சீக்கிரம் பிடிபடும், அந்தப் பாடத்தை நானே சொல்லித் தருகிறேன். ரிசல்ட் வருவதற்கு முன்னால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு நான்கையும் தயார் செய்யுங்கள். மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் வந்ததும் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள், எலக்ட்ரிக்கல் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.